வரிசையில் விட்ட இடம்

பேய்க் கதை என்றால் நடுச்சாமம் வேண்டும். தனியாகப் போகிற ஆள் ஒருவன் வேண்டும். இதில் இரண்டும் இல்லை. இது பட்டப்பகலில், முப்பது நாற்பது பேர் நின்றுகொண்டிருந்த இடத்தில் நடந்தது. அத்தனை பேரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே தூங்கி எழுந்தவர்கள். அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். நடந்ததை மறைக்காமல் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும், மழை வருகிறது என்று சொல்லி எழுந்துவிடுவார்கள்.

போன வருஷம் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டி நின்றது. இலஞ்சியில் துவைத்துப் போட்ட சேலை மூன்று நாளானாலும் காயாத காலம்.

உலகம்மையின் வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள் அந்த மாசியில் இறந்துபோயிருந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி மூன்று வருஷம் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. அவருக்குக் கையும் காலும் வாயும் உலகம்மைதான். அவர் போன பிறகு ஒருநாள் கோயில் படியேறும்போது அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. திருநெல்வேலியில் டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார். ஆவணி தாண்டக்கூடாது, அதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்.

ராணுவக்காரர் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. ஆனால் அட்டையும் பென்ஷனும் இன்னும் இறந்தவர் பேரிலேயே இருந்தன. அவற்றை அவள் பேருக்கு மாற்ற வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஜெயபிரியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகிற வேலை இல்லை, சங்கத்தில் சொல்லு என்று சொல்லிவிட்டாள்.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் நமசிவாயம், ஓய்வு பெற்ற சுபேதார். உறுப்பினர் என்றால் போதும், வீட்டு மனிதர் போல ஆபீஸ் ஆபீஸாகக் கூட வந்து முடித்துக் கொடுப்பார். உறுப்பினர் இல்லை என்றால் தலையை ஆட்டிவிடுவார். ரோலில் பேர் இல்லாதவனுக்கு லங்கரில் சோறு கிடையாது என்பார்; லங்கர் என்றால் பட்டாளச் சமையல்கூடம். அது அவருடைய நியாயம்.

அந்தச் சங்கத்தில் வருஷா வருஷம் உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்க ஒரு முறை உண்டு. இலஞ்சி விலக்குப் பக்கம் மூடிக் கிடக்கிற அரிசி ஆலையின் நெல் களத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். நமசிவாயம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பட்டாளத்தில் சொன்னது போலவே "ஹாஜர்" என்று சொல்ல வேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். மரியாதைக்கு "சாப்" என்றும் சேர்ப்பார்கள், ஐயா என்பது போல. சொன்னால் அடுத்த வருஷத்துக்கும் உறுப்பினர். ஃபோனில் சொல்வது, பிள்ளையை அனுப்புவது எல்லாம் செல்லாது. முன்பு ஒருவர் இறந்த பிறகும் அவர் மகன் சத்தமில்லாமல் பதிவைப் புதுப்பித்து, மிலிட்டரி கேன்டீனில் அப்பா பங்கு ரம்மை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. செத்தவன் ரம் குடிக்கலாம், ஹாஜர் சொல்ல முடியாதுல்லா என்று அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருவர் இறந்துவிட்டால் அதற்கும் ஒரு முறை இருந்தது. அவர் வழக்கமாக நிற்கும் இடத்தை ஓர் ஆள் அகலத்துக்குக் காலியாக விடுவார்கள். அவர் பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மூன்றாவது தடவையும் பதில் இல்லையென்றால் நமசிவாயம் "லீவு சாங்ஷன்" என்பார். எல்லாரும் சல்யூட் அடிப்பார்கள். அதன் பிறகு மனைவியின் பேரைக் கூப்பிடுவார்கள். அவள் "ஹாஜர்" சொன்னால் அவருடைய இடம் அவளுக்கு.

அவ்வளவுதான். உலகம்மை செய்ய வேண்டியது, மூன்று தடவை சும்மா இருப்பது; ஒரு தடவை வாய் திறப்பது.

இரண்டு வருஷம் முன்னால் தன் புருஷன் போனபோது இதையெல்லாம் பார்த்துவிட்ட அதே தெருச் செண்பகவல்லி வழியெல்லாம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள். "ஏட்டி, வாயத் தொறந்துராத. மூணாவது தடவ நெஞ்சு கெடந்து அடிக்கும். முந்தானையக் கடிச்சுக்கோ."

உலகம்மை சிரித்துக்கொண்டாள். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று நினைத்துக்கொண்டாள்.

களத்தின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சாரல் அதன் மேல் மணலைத் தூவுவது போலச் சத்தம் போட்டது. மலை தெரியவில்லை, மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்தது. வரிசையில் சிவனணைந்தபெருமாளின் இடத்துக்கு வலது பக்கத்தில் எப்போதும் நிற்பவர் கிங்ஸ்லி. பீரங்கிப் படையில் இருந்தவர். அவளை மதினி என்றுதான் கூப்பிடுவார். அவள் ஏதோ கேட்க, அவர் தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினார்.

"இந்தப் பக்கம் பேசுங்க மதினி. வலது காது பட்டாளத்துலயே பென்ஷன் வாங்கிட்டு. எம்பொண்டாட்டி திட்டணும்னா அந்தப் பக்கமா வந்து நின்னு திட்டுவா. அவளுக்கும் மனசு ஆறிரும், எனக்கும் ஒண்ணுமில்ல."

காலி இடத்தின் இடது ஓரத்தில் உலகம்மையை நிறுத்தினார்கள். போன மூன்று வருஷமும் அதே இடத்தில்தான் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நமசிவாயம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவரால் பேச முடியாது. அவள் குனிந்து அவருக்காக "ஹாஜர் சாப்" என்பாள். ஆள் வந்திருக்கானே, குரல்தானே இல்லை என்று நமசிவாயம் அதை ஒப்புக்கொண்டிருந்தார்.

பேர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன.

"ஹவில்தார் சிவனணைந்தபெருமாள்."

சாரல் சத்தம்.

"ஹவில்தார் சிவனணைந்தபெருமாள்."

யாரோ தொண்டையைச் செருமப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"ஹவில்தார் சிவனணைந்தபெருமாள்."

"ஹாஜர் சாப்."

எல்லாத் தலைகளும் திரும்பின. யார் சொன்னது என்று உலகம்மையும் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் தன் வாய் திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்டிய" என்றார். மறுபடி கூப்பிடலாமே என்று ஒருவர் மெல்லச் சொன்னார். நமசிவாயம் மாட்டேன் என்றுவிட்டார். ஹாஜர் விழுந்த பேரை அன்றைக்கு மறுபடி கூப்பிடுகிற வழக்கம் எந்தப் படையிலும் கிடையாது. விட்டுப்போன பேர்களுக்காக ஆடி கடைசி ஞாயிறு இன்னொரு தடவை எல்லாரும் கூடுவார்கள், அதுவரை பொறுக்க வேண்டும்.

திரும்பி வரும்போது செண்பகவல்லி தெருமுனையில் நின்று, "நீ பதிலா சொன்னே? கூப்பிட்டுல்லா விட்டுட்டே" என்றாள்.

அன்று வீட்டைத் திறந்தபோது ஒன்றும் வித்தியாசமாக இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய நாடாக் கட்டில் மெத்தை இல்லாமல் சுவரோரம் கிடந்தது. ஜன்னலில் அவருடைய எவர்சில்வர் தம்ளர் இருந்தது. உலகம்மை சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள்.

மறுநாள் காலை சென்னை ரயில் செங்கோட்டைக்குப் போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் கம்பியில் ஒரு சத்தம்.

ட்டிங்... ட்டிங்... ட்டிங்.

பால்காரர் என்று நினைத்துப் போய்ப் பார்த்தாள். தெருவில் ஆள் இல்லை. அடுப்படிக்குத் திரும்பி வந்து பாலை இறக்கும்போதுதான் அவளுக்குக் கை நின்றது. அவர் லீவுக்கு வரும்போது காலை ரயிலில்தான் வருவார். கதவைத் தட்ட மாட்டார். விரலில் போட்டிருக்கும் இரும்பு மோதிரத்தால் ஜன்னல் கம்பியில் மூன்று தட்டு தட்டுவார். வாதம் வந்த பிறகும் இடது கையால் அப்படித்தான் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுவார். அந்த மோதிரத்தை அவரோடு சேர்த்தே அனுப்பியாகிவிட்டது.

அணில் ஏதாவது கொட்டையைக் கொறித்திருக்கும். அப்படி நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஜன்னலில் இருந்த தம்ளர் கவிழ்ந்திருந்தது. விழவில்லை. கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. டீ குடித்ததும் தம்ளரைக் கவிழ்த்து வைப்பது அவர் பழக்கம். உலகம்மை அதை நிமிர்த்தி வைத்தாள். தானே கவிழ்த்து வைத்திருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் ஒரு மனிதரோடு வாழ்ந்தால் அவர் பழக்கம் நம் கையில் ஒட்டிக்கொள்ளாதா?

பிறகு அந்தத் துண்டு. புழுக்க வாடை போகட்டும் என்று டிரங்குப் பெட்டியில் இருந்த அவருடைய துண்டை அலசிக் கொடியில் போட்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய இரண்டு சேலைகள். சாரல் விடவில்லை. சேலைகள் சொதசொதவென்று கிடந்தன. துண்டைத் தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது. எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

சூடாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை. வெயில் அடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்போதுதான் ஒருவர் தோளில் இருந்து எடுத்தது போன்ற சூடு.

அவள் அதைக் கீழே போடவில்லை. அது தனக்கே ஆச்சரியமாக இருந்தது. பயத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று இருந்தது. அது என்ன என்று பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

கல்யாணமாகி முதல் பதினைந்து வருஷம், வருஷத்தில் இரண்டு மாதம்தான் அவளுக்குப் புருஷன். மற்ற பத்து மாதமும் வீடு அவளுடையது. எந்த இடத்தில் எதை வைப்பது, யாருக்கு என்ன பதில் சொல்வது எல்லாம் அவள் தீர்மானம். அவர் ஓய்வு பெற்று வந்ததும் அந்த வீடு கைவிட்டுப் போனது. விடியுமுன் விளக்குப் போடுவார். போர்வையை மூலை மடக்கச் சொல்வார். அவளும் மடக்கினாள். வாதம் வந்தபோது ஊரே அவளுக்காக வருத்தப்பட்டது. அவளும் அழுதாள். ஆனால் பேசாத புருஷனோடு இருந்த அந்த மூன்று வருஷம்தான், உண்மையைச் சொன்னால், மனதுக்குப் பொருத்தமாக இருந்தது. வந்தவர்கள் அவரிடம் கேட்பார்கள். அவள் பதில் சொல்வாள். அவ்வோ காப்பி வேண்டாங்காவ. அவ்வோ நல்லாருக்கேங்காவ.

சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் கிங்ஸ்லி ஆட்டோவோடு வந்து வாசலில் நிற்பார். "அண்ணாச்சி, அருவிக்குப் போவமா?" என்று கூப்பிடுவார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஓரமாக உட்கார வைக்கிறேன், சாரல் பட்டாலே போதும் என்பார். உலகம்மை உள்ளே இருந்தே, "அவ்வோ வரலேங்காவ தம்பி" என்பாள்.

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. சொல்ல வாய் இல்லை. இடது கை மட்டும் கட்டில் கம்பியைத் தட்டும். ட்டிங்... ட்டிங்... அவர் அவளையே பார்ப்பார். அவளுக்கு அடுப்படியில் வேலை இருக்கும்.

ஆடி பிறந்தபோது அவள் குரல் போகத் தொடங்கியது. முதலில் கரகரப்பு. பிறகு பேசினால் பாதி வார்த்தை வெறும் காற்றாக வந்தது. தென்காசி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, சாரல்தான் காரணம் என்றார். ஜெயபிரியா ஃபோனில் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுவாள். மூன்று வருஷம் அவருக்குக் கொடுத்திருந்த குரலை அவர் கையோடு எடுத்துக்கொள்கிறார் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதும் எழுந்து போய் எல்லா ஜன்னலையும் சாத்தினாள்.

ஆடி நடுவில் ஒரு மத்தியானம். மேகம் கவிந்து சாயங்காலம் போல இருட்டியிருந்தது. கரண்ட் இல்லை. உலகம்மை அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம்.

"அண்ணாச்சி... அருவிக்குப் போவமா?"

கிங்ஸ்லியின் குரல்.

அவள் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. வாய் தானாகத் திறந்தது. அவ்வோ வரலேங்காவ... காற்றுதான் வந்தது.

அறைக்குள் கட்டில் முனகியது.

க்ரீச்...

யாரோ புரண்டு, ஒரு கையை ஊன்றி எழப் பார்க்கிற சத்தம். அந்தச் சத்தத்தை மூன்று வருஷம் கேட்டிருக்கிறாள்.

க்ரீச்... க்ரீச்...

கையில் தண்ணீர் சொட்ட அறை வாசலுக்குப் போனாள்.

கட்டிலில் யாரும் இல்லை. வெறும் நாடா. ஆனால் நடுவில் நாடாக்கள் தொய்ந்து குழிந்திருந்தன. பாரம் தாங்கிய மாதிரி.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாடாக்கள் மெல்ல... மெல்ல... மேலே எழுந்தன.

சமமாயின.

அவளைத் தாண்டி ஒரு வெதுவெதுப்பு வாசல் பக்கமாகப் போனது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கிங்ஸ்லி அசடு வழிய நின்றுகொண்டிருந்தார். "பழக்கத்துல அண்ணாச்சின்னு கூப்பிட்டுட்டேன் மதினி. மனசுல வச்சுக்காதிய." கடைசி ஞாயிறு காலையில் தயாராக இருங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டோவின் பின் சீட்டைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

அதன் பிறகு அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. மூன்று தடவை வாயை மூடிக்கொண்டு நின்றுவிட வேண்டும். அவருக்கு லீவு கிடைக்க வேண்டும். ஆபரேஷன்கூட அதற்குப் பிறகுதான்.

ஆடி கடைசி ஞாயிறு. அதே களம். அதே சாரல். நமசிவாயம் அவளைக் காலி இடத்துக்குப் பக்கத்தில் நிற்க விடவில்லை. போன தடவை அங்கே நின்றதால்தான் பழக்க தோஷத்தில் வாய் வந்துவிட்டது என்றார். கிங்ஸ்லிக்கு அந்தப் பக்கம், வலது பக்கமாக நிறுத்தினார். இப்போது அவளுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் கிங்ஸ்லி.

உலகம்மை செண்பகவல்லி சொன்னதைச் செய்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். தலை குனிந்துகொண்டாள்.

"ஹவில்தார் சிவனணைந்தபெருமாள்."

பற்களுக்கிடையே துணி நனைந்தது.

"ஹவில்தார் சிவனணைந்தபெருமாள்."

நெஞ்சு படபடவென்று அடித்தது. பழுதான வால்வு வழியாக ரத்தம் போகும் சத்தம் காதில் கேட்டது.

"ஹவில்தார்... சிவனணைந்தபெருமாள்."

சாரல்.

சாரல் மட்டும்.

"லீவு சாங்ஷன்."

முப்பது நாற்பது பேரின் குதிகால்கள் ஒன்றாகத் தரையில் மோதின. கைகள் உயர்ந்தன. உலகம்மைக்குக் கண்ணீர் கொட்டியது. நல்லாப் போய்ட்டு வாங்க என்று மனதுக்குள் சொன்னாள். அருவிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்றும் சொன்னாள்.

"திருமதி உலகம்மை."

வாய்க்குள் துணி. எடுக்க வேண்டும். கை எழவில்லை. தொண்டையில் குரலும் இல்லை. ஒரு நொடி... இரண்டு நொடி... விட்டால் இந்த மாதமும் போய்விடும்.

"சரி" என்றார் நமசிவாயம். குனிந்து எழுதினார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானை வாயிலேயே இருந்தது.

கலைந்து போகும்போது செண்பகவல்லி வந்து கையைப் பிடித்தாள். "தொண்ட கட்டினதுல ஆம்பள மாதிரில்லா சொல்லுதே ஏட்டி" என்று சிரித்தாள். உலகம்மை அவளையே பார்த்தாள். நான் எங்கே சொன்னேன் என்று கேட்கக் குரல் இல்லை. தன்னையறியாமல் சொல்லியிருப்போம். போன தடவையும் அப்படித்தானே. வாயில் துணி இருந்தது என்பதை மட்டும் மனம் ஒதுக்கி வைத்தது.

மறுநாள் காலை பால்காரர் கூப்பிட்டபோது "வாரேன்" என்று பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் குரல் திரும்பிவிட்டது தெரிந்தது. ஜன்னல் கம்பியில் சத்தம் இல்லை. தம்ளர் வைத்தபடி இருந்தது. துண்டு சேலைகளோடு சேர்ந்து ஈரமாகவே கிடந்தது. நமசிவாயம் அலைந்து திரிந்து பென்ஷனையும் அட்டையையும் அவள் பேருக்கு மாற்றினார். ஆவணி கடைசிக்குள் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது.

புது அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவர் கிங்ஸ்லி. உலகம்மை காப்பி கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டுச் சிரித்தார்.

"அன்னைக்குத் தொண்டை போச்சுன்னியள. ஹாஜர்னு ஒரு போடு போட்டிய பாருங்க, காதே அடைச்சுப் போச்சு. பரேடு கிரவுண்டுல கேட்ட மாதிரி இருந்தது."

உலகம்மை காப்பிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் காது?"

அவர் கையைத் தூக்கி இடது காதைத் தேய்த்தார்.

கை அங்கேயே நின்றது.

அன்றைக்கு உலகம்மை நின்றது அவருக்கு வலது பக்கம். செவிட்டுப் பக்கம். அங்கே நின்று அவள் கத்தியிருந்தாலும் அவருக்கு அப்படிக் காது அடைத்திருக்காது. இடது பக்கத்தில் இருந்தது, ஓர் ஆள் அகலத்துக்கு விட்டிருந்த அந்தக் காலி இடம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கிங்ஸ்லி மீதிக் காப்பியைக் குடிக்கவில்லை. வாரேன் மதினி என்று எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அன்று முழுக்க உலகம்மை அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை அவர் பேரைக் கூப்பிட்டபோது அவர் பேசவில்லை. லீவை ஒழுங்காக வாங்கிக்கொண்டார். அவள் பேரைக் கூப்பிட்டபோதுதான் வாய் திறந்தார். அவளால் முடியவில்லை என்று இரங்கிச் சொன்னதா? அட்டை கிடைக்கட்டும், அவள் பிழைக்கட்டும் என்று சொன்னதா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். ஆனால் அவள் அவருக்காகப் பதில் சொன்ன மூன்று வருஷமும், ஒரு தடவைகூட அவர் விருப்பத்தைக் கேட்டுச் சொன்னதில்லை.

அவர் மட்டும் கேட்டுவிட்டா சொல்லியிருப்பார்?

அவர் இப்போது இருக்கிற இடத்தில், யாருடைய வரிசையில் அவள் பேருக்கு ஹாஜர் விழுந்தது?

ஜெயபிரியாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள். பச்சை உடுப்பு போட்டு அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஜெயபிரியா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மற்ற நாற்காலிகள் காலி.

உலகம்மை ஒன்றைத் தீர்மானித்திருந்தாள். இந்தத் தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தானே பதில் சொல்லிவிட வேண்டும். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால்.

வரிசையின் கோடியில் ஏதோ கம்பியில் பட்டது.

ட்டிங்...

அவள் திரும்பவில்லை.

கதவு பாதி திறந்தது. கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே நர்ஸ் கூப்பிட்டாள்.

"உலகம்மை."

"இருக்கேன்." தெளிவாக, உரக்கச் சொன்னாள். முந்திவிட்டோம் என்று நினைத்தாள்.

நர்ஸ் தாளில் குறித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சரிம்மா. ஒருத்தர் சொன்னாப் போதும்."